ஆறு எழுத்து வித்தியாசம்

ஜெகதாப்பட்டினம்
10.11.2024

அன்புத் தங்கை ரமீஜாவுக்கு,

காக்கா சைபுல்லாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் மச்சி பவுசியாவுக்கு மட்டும் முழங்கால் வலி விட்டபாடில்லை. பெங்களூரில் குளிர் ஆரம்பித்திருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்.

நல்ல செய்தி ஒன்று. ஹஜ் கமிட்டிக் குலுக்கலில் என் பெயரும் மச்சி பெயரும் வந்துவிட்டன. வருகிற மே மாதம் பயணம், இன்ஷா அல்லாஹ். செய்தி கேட்டு மச்சி அழுதேவிட்டாள். உம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கும்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். படகு இஞ்சின் சத்தத்திலேயே கிடந்து இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காதும் பாதிதான். போனில் நீ பேசுவது கொசு பாடுவதுபோல இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் பிள்ளைகள் எனக்கு முன்னால் வாசித்துவிடுகிறார்கள். நீயும் கடிதமே எழுது. மீன் கம்பெனி முகவரிக்குப் போடு, நேரே என் கைக்கு வந்துவிடும்.

ஹஜ்ஜுக்குப் போகிறவன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும் அல்லவா? யார் மனதையாவது நோகடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒருவரை அழ வைத்துவிட்டு அங்கே போய் அழுது என்ன பயன் என்று பயிற்சி வகுப்பில் ஹஜ்ரத் கேட்டார். எனக்கு வாய் நீளம் என்பது உனக்குத் தெரியாததா? இந்த ஊரில் ஆரம்பித்துக் கோட்டைப்பட்டினம் வரை போய் முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். முதலில் இருளாண்டியிடம் போனேன். ஐஸ் வண்டியைச் சுவரில் மோதியதற்காக அவனை ஏலக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தேன். "அத நான் எப்பவோ மறந்துட்டேன் மொதலாளி, ஒங்களுக்கு இன்னும் ஞாவகம் இருக்கா?" என்று கேட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உன்னையும் நிறைய ஏசியிருக்கிறேன். வரும்போது கேட்டுக்கொள்கிறேன். துஆவில் எங்களை மறக்காதே.

உன் காக்கா
சைபுல்லா


பெங்களூரு
26.11.2024

பிரியமுள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். மச்சியை முழங்காலுக்கு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள், அங்கே நிறைய நடக்க வேண்டியிருக்கும். கடிதத்தை லேபில் வைத்தே பிரித்தேன். எங்கள் லேபின் தலைவர் நாச்சியப்பன் சார் திருமயம் பக்கத்துக்காரர். ஜெகதாப்பட்டினம் முத்திரையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கருவாட்டு வாசம் வருது" என்று கேலி செய்தார்.

என் வேலை வவ்வால்களோடு போகிறது. வவ்வாலிடம் இருக்கும் கொரோனா வைரஸ் ஒன்றும் மனிதனிடம் வந்த வைரஸும் ஒரே முன்னோரிலிருந்து எப்போது பிரிந்தன என்று கணக்கிடுகிறோம். அந்தக் கணக்கில் இப்போது ஒரு சிக்கல். பிறகு எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இருளாண்டி வரை எழுதியிருக்கிறீர்கள், அசார் பெயர் இல்லை. நம்மோடு பிறந்த தம்பி. நான்கு வருடமாக ஷார்ஜாவிலிருந்து ஊர்ப் பக்கம் வரவில்லை. போன வாரம் பேசினேன். சாப்பாடு, வேலை எல்லாம் கேட்டால் பதில் சொல்கிறான். உம்மா என்று சொன்னால் லைன் போய்விடுகிறது. நிக்காஹ் பேச்சை எடுத்தாலும் அப்படித்தான்.

ஹஜ்ஜுக்கு முன்னால் அவனிடம் பேசுவீர்களா, காக்கா? அதை மட்டும் எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

தங்கை
ரமீஜா


ஜெகதாப்பட்டினம்
14.12.2024

ரமீஜாவுக்கு ஸலாம். சுகம், சுகத்துக்கு எழுதவும்.

அசாரிடம் நான் என்னத்தைப் பொறுக்கச் சொல்லிக் கேட்பது? அவன்தான் என்னிடம் கேட்க வேண்டும். உம்மா எப்படி மவுத்தானது என்று மறந்துவிட்டாயா? அந்தக் கொரோனா வருடம் நோன்பு நேரத்தில், நிக்காஹுக்காக அவன் ஷார்ஜாவிலிருந்து வந்தான். நோயையும் கூட்டிக்கொண்டு வந்தான். பெருநாள் பிறை பார்க்க உம்மா இல்லை. குளிப்பாட்டக்கூட விடாமல் பையில் சுற்றிக் கொண்டுபோய் அடக்கினோம், அவன் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

இதை நானாகச் சொல்லவில்லை. நீதான் சொன்னாய். உம்மாவின் மூக்கில் எடுத்த சளி, என்னுடையது, அசாருடையது மூன்றும் உன் லேபுக்கு வந்தன. உனக்கு மாற்றி மாற்றிப் போன் போட்டு நான் கேட்டபோது என்ன சொன்னாய்? உம்மாவிடம் இருந்த வைரஸுக்கும் அசாரின் வைரஸுக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், என்னுடையதற்கு ஆறு எழுத்து வித்தியாசம், மாதத்துக்கு இரண்டு எழுத்துதான் மாறும், அதனால் என்னுடையது வேறு வழியாக வந்தது என்றாய். அந்த ஆறை நான் இன்னும் மறக்கவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு, உம்மாவை அடக்கிய மையவாடி வாசலில் அவனைத் தடுத்தேன். "உம்மாவக் கொன்னுட்டு கபரப் பாக்க வந்தியா? உள்ள வராத" என்றேன். ஜமாஅத்தே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான். தப்பில்லாதவன் பேசியிருப்பானே?

நான் அவனைத் தொடக்கூட இல்லை. அவன் வந்து இறங்கியபோது மாடி அறையில் போர்த்திக்கொண்டு கிடந்தேன். ஏர்போர்ட்டுக்கு இருளாண்டிதான் போனான். உம்மாதான் வாசலிலேயே அவனைக் கட்டிப்பிடித்து உச்சி முகர்ந்தது.

இந்தப் பேச்சை இத்தோடு விடு.

சைபுல்லா


பெங்களூரு
17.01.2025

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடம்பு சரியில்லையோ என்று மச்சி போன் செய்தார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதிய ஆறு எழுத்தை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொறுமையாகப் படியுங்கள். வைரஸ் தன்னைத் தானே நகல் எடுக்கும். எடுக்கும்போது அங்கங்கே எழுத்துப் பிழை விடும். பிழைகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சேரும் என்று வைத்துக்கொண்டு, இரண்டு வைரஸுக்கும் எத்தனை எழுத்து வித்தியாசம் என்று எண்ணி, அவை பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்போம். வவ்வால் கணக்கும் அதுதான். உங்களுக்கு அன்று சொன்ன கணக்கும் அதுதான்.

ஆனால் எல்லா மாற்றமும் வைரஸ் விட்ட பிழை அல்ல. அது புகுந்த உடம்பும் அதன் எழுத்தைத் திருத்துகிறது. நம் செல்களுக்குள் அதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. வந்த வைரஸைக் கெடுத்துவிட அதன் எழுத்துகளை மாற்றிப் பார்க்கும். வைரஸ் சாகாமல் தப்பினால் அந்தத் திருத்தம் அதோடு தங்கிவிடும். பெரும்பாலும் சி என்ற எழுத்து யு என்று மாறும், அதுவும் குறிப்பிட்ட சில இடங்களில். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நோயாளிகளிடமும் அதே இடத்தில் அதே மாற்றம் வரும். அப்படி வந்ததையெல்லாம் காலக் கணக்கில் சேர்த்தால் நேற்றுப் பிரிந்தது நெடுநாள் முன்பு பிரிந்ததுபோலத் தெரியும். ஒரே இடம் திரும்பத் திரும்ப மாறியிருந்தால், உண்மையில் பழையதுகூடப் புதிதாகத் தெரியும்.

உங்களுக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். வலையில் எத்தனை இடத்தில் தைத்திருக்கிறது என்று பார்த்து வாப்பா அதன் வயதைச் சொல்லிவிடும். பேத்தை மீன் கடித்த வலையாக இருந்தால் அந்தக் கணக்கு உதவாது. ஒரே இரவில் அத்தனை ஓட்டையும் விழுந்திருக்கும்.

உங்கள் வைரஸில் வேறுபட்ட ஆறு எழுத்துகளில் ஐந்து அந்த வகை. சி இருந்த இடத்தில் யு. ஐந்தும் வழக்கமாக உடம்பு திருத்துகிற இடங்கள். உங்கள் உடம்பே செய்த வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதைக் கழித்துவிட்டால் உம்மாவுக்கும் உங்களுக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். உம்மாவுக்கும் அசாருக்கும் ஓர் எழுத்து. மூன்று பேரிடமும் இருந்தது ஏறக்குறைய ஒன்றேதான்.

யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அசாரிடமிருந்து வந்தது என்று நான் அன்று சொன்னது நிற்காது. அன்று தெரிந்ததை வைத்துச் சொன்னேன், ஆனால் தெரிந்ததைவிட உறுதியாகச் சொன்னேன். அது என்னை அறுக்கிறது, காக்கா.

மச்சிக்கு ஸலாம்.

ரமீஜா


ஜெகதாப்பட்டினம்
09.02.2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். இங்கே நலம். அங்கிருந்தும் நல்ல சேதியே வரட்டும்.

புதுக்கோட்டையில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பூசி எப்போது என்று இன்னும் சொல்லவில்லை. இஹ்ராம் துணி வாங்கியாகிவிட்டது. தைக்காத துணியைக் கட்டிப் பழக வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டு நடந்தேன், தடுக்கி விழப் பார்த்தேன், பிள்ளைகள் சிரித்தார்கள். மச்சிக்கு முழங்காலுக்குப் பட்டை வாங்கிக் கொடுத்தேன். இந்த வருடம் கணவாய் நிறையப் படுகிறது. சீலா மீன் கண்ணிலேயே இல்லை. பயணம் சொல்லும் வேலை கோட்டைப்பட்டினத்தில் பாதி முடிந்துவிட்டது. போகிற வீட்டிலெல்லாம் டீ குடித்து வயிறு கெட்டுவிட்டது.

நோன்பு வரப்போகிறது. முடிந்தால் பெருநாளுக்கு வா.

உன் கடிதம் கிடைத்தது. வலை விஷயம் புரிந்தது.

சைபுல்லா


பெங்களூரு
22.02.2025

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். வயிற்றுக்கு மோரும் வெந்தயமும் சாப்பிடுங்கள்.

நான் எழுதியதற்கு நீங்கள் எழுதியது ஒரே வரி. கோபமா, வருத்தமா என்று தெரியவில்லை. இங்கே உட்கார்ந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அசாருக்கு நானே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். நான் சொன்னால், அவன் மனம் நோகக்கூடாது என்று ராத்தா எதையோ சொல்கிறது என்றுதான் நினைப்பான். மையவாடி வாசலில் அவனைத் தடுத்தது நீங்கள்.

இன்னொன்று. அசார் வந்த அன்று மாடியில் போர்த்திக்கொண்டு கிடந்ததாக நீங்களே எழுதியிருந்தீர்கள். சித்திரை வெயிலில், பகல் நேரத்தில். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

நோன்புக்கு என் துஆ.

ரமீஜா


ஜெகதாப்பட்டினம்
20.03.2025

ரமீஜாவுக்கு,

மச்சி பவுசியாவின் ஸலாம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது, எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. நோன்பு நல்லபடியாகப் போகிறது. விடியுமுன் நீ தனியாக எழுந்து ஸஹர் சாப்பிடுகிறாயே என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

உன் காக்கா உனக்கு எழுதவில்லை என்று தெரியும். உன் கடிதங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறார். நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போனால் கஞ்சியைக் குடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். மாலையில் அஸர் தொழுகை முடிந்ததும் மையவாடி வாசலில் போய் நிற்கிறாராம். இருளாண்டி பார்த்துவிட்டு வந்து சொன்னான். உள்ளே போவதில்லை, நின்றுவிட்டு வந்துவிடுகிறார்.

நீ கேட்கமாட்டேன் என்று எழுதியதை வாசித்தேன். நீ கேட்காவிட்டாலும் நான் சொல்கிறேன். அசார் வருவதற்கு முன்பே இவருக்குக் காய்ச்சல். மீன்பிடித் தடைக்காலத்துக்கு முந்திய கடைசி ஏலத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து உடம்பு கொதித்தது. டெஸ்ட் எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். மாமி விடவில்லை, உன் உம்மாதான். "வெளிய மூச்சு விடாதீங்க. கலியாண வீடு. வாசல்ல தகரத்த அடிச்சுட்டாங்கன்னா புள்ளைக்கு நிக்காஹ் நின்னுபோயிரும்" என்றார்கள். மாடியில் படுக்க வைத்து, நோன்போடு மாமியே கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். என்னை மாடிப்படி ஏற விடவில்லை. கைப்பிள்ளைக்காரி, நீ வராதே என்றார்கள்.

மாமிக்கு முடியாமல் போன பிறகுதான் மூன்று பேருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். மாமி மவுத்தானதும் அந்தக் காய்ச்சலைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நீ ஆறு எழுத்து என்று சொன்ன அன்று இவர் ஸஜ்தாவில் விழுந்து அழுதார். தான் இல்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதியில்தான் அசாரைப் பேசினார். வாசலில் அவனைத் தடுத்தபோது பெண்கள் பக்கத்தில் நானும் நின்றேன். எனக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை.

இவரிடம் கோபப்படாதே. இதை எழுதியதும் சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன்.

மச்சி
பவுசியா


பெங்களூரு
06.04.2025

என் காக்காவுக்கு,

ஸலாம், பெருநாள் வாழ்த்து. லீவு கிடைக்காமல் வர முடியவில்லை. மச்சி அனுப்பிய வட்டலப்பம் உடையாமல் வந்து சேர்ந்தது, நாச்சியப்பன் சாருக்கும் கொடுத்தேன்.

மச்சி எழுதியதை உங்களிடம் சொல்லிவிட்டதாகப் போனில் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன். நீங்கள்தான் உம்மாவுக்குக் கொடுத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதையும் இந்த எழுத்துகளை வைத்துச் சொல்ல முடியாது. காய்ச்சல் யாருக்கு முதலில் வந்தது என்பதும் முழுக் கணக்காகாது, காய்ச்சலே இல்லாமல் நோயைச் சுமந்தவர்கள் எத்தனையோ பேர். நோன்புச் சாமான் வாங்க உம்மா கடைத்தெருவுக்கும் போய் வந்தது.

வவ்வால் கட்டுரையை முடித்துவிட்டோம். இத்தனை வருடம் என்று ஒரே எண்ணைப் போடவில்லை. இதிலிருந்து இதற்குள் எங்கேயோ இருக்கலாம் என்று பெரிய இடைவெளியாக எழுதினோம். அதற்குமேல் எங்களுக்குத் தெரியாது என்றும் எழுதினோம். எழுதி முடித்தபோது எனக்கு உம்மா நினைவுதான் வந்தது.

அசார் நான்கு வருடமாக ஒரே எண்ணோடு இருக்கிறான், காக்கா. தான்தான் காரணம் என்று. அதை அவன் மேல் வைத்தது நாம் இரண்டு பேரும். அதைப் போய் எடுத்துவிடுங்கள். பொறுத்துக்கொள் என்று கேட்பது அப்புறம்.

நீங்கள் எது செய்தாலும் எனக்குக் காக்காதான்.

ரமீஜா


ஜெகதாப்பட்டினம்
15.05.2025

அன்புத் தங்கை ரமீஜாவுக்கு,

காக்காவின் ஸலாம். எல்லோரும் சுகம். மச்சி படி ஏறுகிறாள். தடைக்காலம், படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, கம்பெனியில் ஈ ஓட்டுகிறேன். அடுத்த வாரம் சென்னைக்குக் கிளம்புகிறோம்.

உன் கடிதம் வந்து பல நாள் கழித்துத்தான் தைரியம் வந்தது. மச்சி போனை ஸ்பீக்கரில் போட்டு என் வலது காதருகே பிடித்துக்கொண்டாள். ஸலாம் சொன்ன கையோடு சொல்லிவிட்டேன். "அசாரு, நீ வாரதுக்கு முன்னாடியே எனக்குக் காய்ச்சலு. அத மறைச்சுட்டு ஒன் மேல போட்டேன். யாருகிட்டேருந்து உம்மாவுக்கு வந்துச்சுன்னு ரமீஜா கணக்குலயும் சொல்ல முடியாதாம். நீதான்னு நான் சொன்னது பொய்யி" என்றேன்.

வைத்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு ஏதோ சொன்னான், எனக்கு விழவில்லை. மச்சியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில் சத்தமாகச் சொன்னாள்: "அப்ப நான் உம்மா கபருக்குப் போலாமா காக்கான்னு கேக்குறாங்க."

ரமீஜா, அதை நான் எப்படித் தாங்கினேன் என்று எனக்கே தெரியாது.

போன வாரம் வந்தான். தாடியில் நரை விழுந்திருக்கிறது. ஏர்போர்ட்டுக்கு நானே போனேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு, ஹஜ்ஜுக்குப் போகிறேன், பொறுத்துக்கொள் என்று கேட்டேன். ஊரில் எல்லோரும் கேட்ட உடனே பொறுத்தேன் என்றார்கள். அவன் சொல்லவில்லை. "போயிட்டு வாங்க காக்கா. வந்தப்பறம் பேசுவோம்" என்றான். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் இல்லை. அப்படியேதான் போகிறேன்.

மறுநாள் விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு மையவாடிக்குப் போனோம். நான் தடுத்த இடத்துக்கு வந்ததும் அவன் நின்றுவிட்டான். நான் ஒதுங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன், கூடப் போக மனம் துணியவில்லை. கொஞ்ச தூரம் போனவன் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தான், மறுபடி நடந்தான், மறுபடி நின்றான். என்ன தேடுகிறான் என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. பெற்ற உம்மாவின் கபர் எது என்று அவனுக்குத் தெரியாது.

வாசலில் நின்றபடியே கையை நீட்டி வேப்பமரத்தடியைக் காட்டினேன். அங்கே போய் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் கையசைத்துக் கூப்பிட்டான். போனேன்.

மக்காவுக்குப் போய் உனக்காகவும் துஆ கேட்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் காக்கா
சைபுல்லா